காட்டை உண்டாக்கியது யார்? நௌசிகாவும் ஸ்வீட் டூத்தும்

உலகம் அழிந்த பிறகு நடக்கும் காமிக்ஸ்களில் மாயமும் அறிவியலும் கலந்து வருவது புதிதில்லை. 1972-இல் ஜாக் கிர்பி தொடங்கிய 'கமாண்டி'யிலேயே புலிகளும் கொரில்லாக்களும் பேசின, படை நடத்தின. கலப்பது சுலபம். 'ஏன் இப்படி ஆச்சு?' என்று வாசகர் கேட்கும்போது எது பதில் சொல்கிறது என்பதில்தான் கதை நிற்கும், அல்லது விழும். அந்தக் கேள்விக்கு நேர் எதிர்ப் பதில் சொன்ன இரண்டு கதைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டின் முடிவையும் சொல்லிவிடுவேன்.

ஜப்பானியர் ஹயாவோ மியாசாகியின் 'காற்றின் பள்ளத்தாக்கின் நௌசிகா' 1982 முதல் 1994 வரை விட்டு விட்டு 'அனிமேஜ்' என்ற ஜப்பானிய இதழில் வந்தது, ஏழு தொகுதிகள். 1984-இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குக் கதையின் முன்பகுதிதான் தெரியும். ஆரம்பத்தில் எல்லாமே புராண வாசனை: பறக்கும் இளவரசி நௌசிகா, நீல உடையில் வரப்போகிறவரைப் பற்றிய பழைய வாக்கு, நச்சுக்காடு, கோபம் வந்தால் கண் சிவக்கும் ஓமு என்ற ராட்சதப் பூச்சிகள். அந்தக் காடு மண்ணின் விஷத்தைச் சுத்தம் செய்கிறது என்று தெரியவரும்போது, பூமித்தாயின் கருணை என்றே நினைப்போம்.

மியாசாகி அதோடு விடவில்லை. ஷுவா நகரத்துக் கல்லறையில் உண்மை வெளிவருகிறது. அந்தக் காட்டையே ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய மனிதர்கள் திட்டம் போட்டு உண்டாக்கியிருக்கிறார்கள். மனித உடம்பையும் விஷத்தைத் தாங்கும்படி மாற்றிவிட்டார்கள். கதையில் இப்போது வாழ்கிற மனிதர்களால் சுத்தமான காற்றில் உயிரோடு இருக்க முடியாது.

அறிவியல் இப்படிப் புட்டுப் புட்டு வைத்தால் மாயம் கலைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே அது கூடுகிறது. நௌசிகா அந்தக் கல்லறையை அழிக்கிறாள். அப்புறம்தான் தெரிகிறது, அதன் ரத்தமும் ஓமுவின் ரத்தமும் ஒன்றேதான். அவள் கும்பிட்டதையும் அழித்ததையும் ஒரே கைகள் செய்திருக்கின்றன. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜெஃப் லெமிர் எழுதி வரைந்த 'ஸ்வீட் டூத்' (2009–2013, 40 இதழ்கள்) எதிர்த் திசையில் போகிறது. தொடக்கம் கறாரான அறிவியல்: கொள்ளைநோய், செத்துக்கொண்டிருக்கும் மனிதர்கள், பாதி மிருகமாகப் பிறக்கும் குழந்தைகள். மான் கொம்புள்ள சிறுவன் கஸ்ஸைச் சோதிக்கும் டாக்டர் சிங், அவனுக்குத் தொப்புளே இல்லை என்று கண்டுபிடிக்கிறார். வயிற்றில் இருக்க வேண்டிய ஒரு சின்னக் குழி இல்லை, அவ்வளவுதான். அந்த ஒன்றே, இவன் தாய் வயிற்றில் பிறந்தவனா என்று கேட்க வைக்கிறது. ஆய்வுக்கூடம்தான் பதில் என்று நாம் முடிவு கட்டும்போது, கதை 1911-இன் ஆர்க்டிக் பனிக்குப் போகிறது. அங்குள்ள இன்யூட் பழங்குடி மக்கள் தங்கள் தெய்வத்தின் இடமாகப் புனிதமாகக் காத்த ஒரு குகையை வெள்ளைக்காரர் ஒருவர் கலைத்துவிடுகிறார். அதன் பிறகு நோய், சாபம் இரண்டில் எதை நம்புவது என்று கதை கடைசிவரை தீர்த்துச் சொல்வதில்லை.

பாசத்தில் லெமிர்தான் முன்னே நிற்கிறார். கஸ்ஸுக்கும் அவனோடு பயணம் போகும் முரட்டு மனிதர் ஜெப்பர்டுக்கும் நடுவே வளரும் உறவு மியாசாகியின் பெரிய போர்களுக்கு நடுவே கிடைக்காத நெருக்கம். ஆனால் கலப்பு என்று வந்தால் என் ஓட்டு நௌசிகாவுக்கே. ஸ்வீட் டூத்தில் சாபம் உள்ளே வந்ததும் மனிதர்களின் பொறுப்பு கொஞ்சம் இறங்கிவிடுகிறது. புராதன தெய்வம் கணக்குத் தீர்த்தது என்று சொல்லிவிட முடிகிறது. அதுவும், ஒரு பழங்குடியின் தெய்வத்தை அமெரிக்கர்களின் அழிவுக்கு விளக்கமாக வைப்பது எனக்கு நெருடுகிறது. நௌசிகாவில் அப்படித் தப்பிக்க வழியில்லை. தெய்வம் போலத் தெரிந்ததையும் மனிதன்தான் செய்தான்.

எதை முதலில் படிப்பது? ஸ்வீட் டூத்தையே எடுங்கள், வேகமாக ஓடும். நௌசிகாவுக்குப் பொறுமை வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். ஏழாம் தொகுதி முடிந்ததும் முதல் தொகுதிக்குத் திரும்பி, அவள் ரகசியமாக வளர்க்கும் செடிகளைப் பாருங்கள். நல்ல தண்ணீரில் வளர்ந்த நச்சுக்காட்டுச் செடிகள் விஷம் கக்காமல் நிற்கின்றன. முதல் தடவை அந்தப் பக்கத்தை அழகான படம் என்று மட்டும் பார்த்துத் திருப்பியிருப்பீர்கள்.