ஆறு வருஷமா டிஸ்கவுண்ட் சூப்பர்மார்க்கெட் மளிகை: எதுல லாபம், எதுல கைய சுட்டுக்கிட்டேன்

எங்க வீட்டு மளிகையில முக்காவாசி ஆறு வருஷமா டிஸ்கவுண்ட் சூப்பர்மார்க்கெட்ல தான் வாங்குறோம். ஒரு தடவ போய்ட்டு வந்து "சூப்பரா இருக்கு"ன்னு எழுதுற ரகம் இல்ல இது, நல்லா ஏமாந்து, ரெண்டு மூணு தடவ மூட்டையோட குப்பையில கொட்டி, அப்புறமா ஒரு வழிக்கு வந்த கதை. அதனால கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். ஆரம்பத்துல மூணு மாசம் எனக்கு ஒரு காசு மிச்சம் ஆகல. பில்லு எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தேன், உக்காந்து கூட்டிப் பாத்தா பழைய கடையில ஆன செலவ விட கொஞ்சம் கூடவே வந்துது. ஏன்னா எல்லாம் கம்மி விலைன்னு தெரிஞ்சதும் கை தானா நீளுது, ஒண்ணு எடுக்குற எடத்துல மூணு எடுக்குறோம். லிஸ்ட் எழுதாம போற பழக்கம் இருந்தா இந்த மாதிரி கடைக்கு போகாம இருக்குறதே மேல்னு அப்போ தோணுச்சு, இப்பவும் அதையே தான் சொல்வேன்.

எல்லாருக்கும் வர்ற சந்தேகம் எனக்கும் வந்துது: இவ்ளோ கம்மியா குடுக்குறான்னா சரக்குல ஏதோ கோளாறு இருக்கணுமே? கொஞ்சம் தேடிப் படிச்சப்போ தான் அந்த கணக்கு புரிஞ்சுது. இந்த மாடல பெருசா வளத்தவங்க ஜெர்மனில ஆல்டிங்கிற மலிவு விலை சூப்பர்மார்க்கெட் கம்பெனிய நடத்துன கார்ல், தியோன்னு ரெண்டு ஆல்பிரெக்ட் சகோதரர்கள். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் அம்மாவோட சின்ன கடைய கையில எடுத்தவங்க. கம்மி ஐட்டம், கம்மி லாபம், அலங்காரம் கெடையாது, இவ்ளோதான் சூத்திரம். 1960 வாக்குல கடையில சிகரெட் விக்கலாமா வேணாமான்னு சண்ட வந்து கம்பெனியையே ரெண்டா பிரிச்சுக்கிட்டாங்க, அது தனி கதை. விஷயம் என்னன்னா, ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்ல 30,000 ஐட்டம் இருக்கும்னா இந்த டைப் கடையில சுமாரா 2,000 தான். சோப்புல இருபது வகை இல்ல, ரெண்டே வகை. அந்த ரெண்ட மட்டும் மலையா வாங்குறதால சப்ளையர் கிட்ட பேரம் பேச முடியுது. சரக்கு வந்த அட்டப்பெட்டிய மேல கிழிச்சு அப்படியே ஷெல்ஃப்ல வச்சிடுறாங்க, அடுக்குறதுக்கு ஆள் செலவு இல்ல. சில கடைங்களோட சொந்த பிராண்ட் பாக்கெட்ல பார்கோடு பெருசா, ரெண்டு மூணு பக்கத்துல இருக்கும், கேஷியர் திருப்பி திருப்பி தேட வேணாம்னு. ஆக, விலை கொறையறதுல பெரிய பங்கு கடை நடத்துற விதத்துல இருந்து வருது.

ஆனா இத படிச்சிட்டு எல்லாத்தையும் கண்ண மூடிட்டு வாங்க ஆரம்பிச்சேன் பாருங்க, அங்க தான் தப்பு.

இப்போ நான் வச்சிருக்க ஒரே ரூல்: பாக்கெட்டுக்குள்ள எத்தன பொருள் இருக்கு? ஒரே ஒரு பொருள்னா யோசிக்காம மலிவானத எடுப்பேன். உப்பு உப்பு தான், சர்க்கர சர்க்கர தான், சமையல் சோடாவுக்கு பிராண்ட் எதுக்கு. வினிகர்னா புளிப்பு எத்தன சதவீதம்னு மட்டும் பாப்பேன், 5 சதவீதம்னு போட்டிருந்தா எந்த பாட்டிலா இருந்தா என்ன. அரிசி, முழுப் பருப்பு வகையெல்லாம் கண்ணுக்கு நேரா தெரியுது, உடைசல் எவ்ளோ, தூசி எவ்ளோன்னு பாத்தே எடுத்துடலாம். இதுல எல்லாம் நீங்க பிராண்டுக்கு குடுக்குற காசுல பாதி விளம்பரத்துக்கு தான் போகுது, இது என்னோட அபிப்பிராயம், அடிக்க வராதீங்க.

பல பொருள் கலந்த ஐட்டம்னா கதையே வேற. சாஸ், மசாலா மிக்ஸ், சீஸ் ஸ்லைஸ், சாக்லேட், சாசேஜ், இதுல எல்லாம் விலைய கொறைக்கணும்னா வெலகூடுன பொருள கொஞ்சமா போட்டு, மலிவானத அதிகமா போட்டா போதும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. காட்டிக்குடுக்குறது ஒண்ணே ஒண்ணு, பின்னாடி பொடி எழுத்துல இருக்க இன்கிரீடியன்ட் லிஸ்ட். பெரும்பாலான நாடுகள்ல எது எடையில அதிகமோ அது மொதல்ல வரணும்ங்கிறது விதி. நான் ஒரு வருஷமா ஆசையா வாங்கிட்டு இருந்த தக்காளி சாஸ ஒரு நாள் கண்ணாடிய போட்டுக்கிட்டு படிச்சேன், மொதல்ல தண்ணி, ரெண்டாவது சர்க்கர, மூணாவதா தான் தக்காளி எட்டிப் பாக்குது! ஒரு வருஷமா சர்க்கர தண்ணிய தொட்டு சாப்ட்டிருக்கோம். சாக்லேட்லயும் இதே தான், கோகோ பட்டர் இருக்க வேண்டிய எடத்துல பாமாயில் மாதிரி வேற கொழுப்பு இருந்தா விலை ஏன் கம்மின்னு கேக்கவே வேணாம். இன்னொண்ணும் சொல்லணும், வெலகூடுன பிராண்ட்ல மட்டும் லிஸ்ட் எப்பவும் யோக்கியமா இருக்கும்னு நெனச்சிடாதீங்க, அங்கயும் திருப்பிப் பாத்து அதிர்ச்சியானது உண்டு.

ஃப்ரோசன் காய்கறி பத்தி எனக்கு ரொம்ப நாள் எளக்காரமா ஒரு நெனப்பு இருந்துது. இப்போ டிஸ்கவுண்ட் கடையில நான் தவறாம வாங்குற பொருள்னா அது ஃப்ரோசன் பட்டாணி தான். பட்டாணிய பறிச்ச நிமிஷத்துல இருந்து அதுல இருக்க சர்க்கர மாவுச்சத்தா மாற ஆரம்பிச்சிடும், ரெண்டு மூணு நாள் மார்க்கெட்ல கெடந்த "ஃப்ரெஷ்" பட்டாணி சப்புன்னு இருக்குறது அதனால தான். ஃப்ரோசன்ல பறிச்ச கொஞ்ச நேரத்துலயே வெந்நீர்ல முக்கி எடுத்து உறைய வச்சிடுறாங்க. ஆனா பாக்கெட்ட எடுக்கும்போது குலுக்கிப் பாருங்க. கலகலன்னு உதிரியா ஆடுனா நல்லது, ஒரே கட்டியா இருந்தா எங்கயோ ஒரு தடவ உருகி திரும்ப உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், நான் வச்சிட்டு வந்துடுவேன். இறால் மாதிரி ஐட்டத்துல மேல ஐஸ் கோட்டிங் இருக்கும், மொத்த எடைய பாத்து ஏமாறாம ஐஸ் இல்லாம நிகர எடை எவ்ளோன்னு பாக்கணும்.

எடைன்னதும் டின் ஞாபகம் வருது. வேக வச்ச கொண்டக்கடல டின்ல 400 கிராம்னு பெருசா போட்டிருக்கும், கீழ சின்னதா வடிகட்டுன எடை 240 கிராம்னு இருக்கும். மீதி 160 தண்ணி. ரெண்டு டின்ன கம்பேர் பண்ணும்போது அந்த சின்ன நம்பர தான் பாக்கணும், பெரிய நம்பர் வெறும் படம் காட்ட. லேசா நசுங்குன டின் தள்ளுபடியில கெடக்கும், பக்கவாட்டுல சின்ன நசுங்கல்னா பரவால்ல, ஆனா விளிம்புல, ஜாயின்ட்ல நசுங்கியிருந்தா வேணாம், உப்பியிருந்தா சும்மா குடுத்தாலும் வேணாம். உள்ள விஷக்கிருமி வளந்திருக்கலாம், அத ருசி பாத்துக்கூட சோதிக்கக் கூடாது.

அடுத்து யூனிட் விலை. ஷெல்ஃப் லேபிள்ல பொடியா "ஒரு கிலோவுக்கு இவ்ளோ"ன்னு இருக்கும்ல, அது. ஐரோப்பிய யூனியன்ல 1998ல சட்டமே போட்டாங்க, ஆஸ்திரேலியாவுல 2009ல வந்துது. லேபிள்ல இல்லன்னா போன் கால்குலேட்டர்ல விலைய கிராமால வகுத்துக்கங்க, அஞ்சு செகண்ட் வேல. பெரிய பாக்கெட் தான் எப்பவும் லாபம்னு நெனச்சிட்டு இருந்தேன், கணக்கு போட ஆரம்பிச்சதும் பல தடவ சின்னது ஆஃபர்ல இருக்கும்போது பெருச விட மலிவா வந்துது. இன்னொரு தில்லாலங்கடி, விலை அப்படியே இருக்கும், பாக்கெட் மட்டும் 500 கிராம்ல இருந்து 450 ஆயிடும். பாக்க எடை 10 சதவீதம் தான் கொறஞ்ச மாதிரி இருக்கும், ஆனா கிலோவுக்கு பாத்தா விலை 11 சதவீதம் ஏறியிருக்கும். டிசைன் புதுசா மாறியிருந்தாலே நான் மொதல்ல எடைய தான் பாப்பேன்.

இப்போ என்னோட பெரிய நஷ்டக் கணக்கு, எண்ணெய். அஞ்சு லிட்டர் கேன் அப்படி ஒரு விலையில போட்டிருந்தாங்க, ரெண்டு தூக்கிட்டு வந்தேன், அடுப்புக்கு பக்கத்துலயே வச்சேன். ரெண்டாவது கேன் பாதிக்கு வரும்போது காறல் வாடை. பொரிச்சதெல்லாம் பழைய க்ரேயான் பெட்டிய தொறந்த மாதிரி ஒரு மணம். வெளிச்சம், சூடு, காத்து மூணும் எண்ணெய்க்கு ஆகாது, பெரிய கேன தொறந்து தொறந்து மூடுறப்போ உள்ள காத்து ஏறிட்டே தான் இருக்கும். ரெண்டு பேரு இருக்க வீட்டுக்கு எதுக்குடா அஞ்சு லிட்டர்னு அம்மா போன்ல கேட்டப்போ பதில் இல்ல. இப்போ ஒரு லிட்டர் தான், இருட்டு அலமாரில. ஆலிவ் ஆயில் வாங்குனா கருப்பு பாட்டில் இல்லன்னா டின், அதுவும் லைட் படுற முன் வரிசையில இருக்குறத எடுக்காம பின்னாடி கைய விட்டு எடுப்பேன், கேஷியர் மொறச்சாலும் பரவால்ல.

மசாலாவும் இதே பாடம். பொடிய மலிவா அரை கிலோ வாங்குனேன், நாலு மாசத்துல கலர் மட்டும் இருக்கு, வாசனை போயிடுச்சு. அரைச்சதும் காத்து படுற பரப்பு கூடுது, வாசனை எண்ணெய் ஆவியா போயிடுது, அதனால இப்போ முழுசா வாங்கி பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ கொஞ்சமா அரைச்சுக்குறேன். பட்டை வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, மலிவா கெடைக்குறது பெரும்பாலும் கேசியா, தடியா ஒரே பட்டையா சுருண்டிருக்கும். சிலோன் பட்டைன்னா காகிதம் மாதிரி மெல்லிசா, பல அடுக்கா சுருட்டுன மாதிரி இருக்கும். கேசியாவுல கூமரின்னு ஒண்ணு அதிகம், ஈரலுக்கு ஆகாதது, எப்பவாவது போட்டா ஒண்ணுமில்ல, தினமும் பொடியா அள்ளிப் போட்டு குடிக்குறவங்க யோசிக்கணும்.

மாவுக்கு ஒரு டிப்ஸ், பிராண்ட் பேர விட்டுட்டு பின்னாடி 100 கிராமுக்கு புரோட்டீன் எவ்ளோன்னு பாருங்க. 9 கிட்ட இருந்தா கேக், பிஸ்கட்டுக்கு, 12 கிட்ட இருந்தா பிரட்டுக்கு. நான் முப்பது நாப்பது தடவ செங்கல் மாதிரி பிரட் சுட்டதுக்கு அப்புறம் தான் இத கண்டுபிடிச்சேன், அது வரைக்கும் ஈஸ்ட திட்டிட்டு இருந்தேன், பாவம். மாவு, தானியம் வாங்கிட்டு வந்ததும் பாக்கெட்டோட ஃப்ரீசர்ல மைனஸ் 18 டிகிரில நாலு நாள் வச்சிடுறேன், வண்டு முட்ட இருந்தாலும் செத்துடும். வெளிய எடுத்ததும் உடனே பிரிக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வந்ததும் பிரிங்க, இல்லன்னா ஈரம் கோத்து கட்டியாயிடும். நான் ஒரு தடவ அவசரப்பட்டு பிரிச்சு ரெண்டு கிலோ மாவ களி மாதிரி ஆக்குனேன்.

தேதி முடியப்போற ஸ்டிக்கர் ஐட்டத்துல தான் உண்மையான வேட்டை. ஆனா ரெண்டு தேதிக்கும் வித்தியாசம் தெரியணும். "பெஸ்ட் பிஃபோர்"ங்கிறது ருசி, மொறுமொறுப்பு சம்பந்தப்பட்டது, அது தாண்டுன பாஸ்தாவோ பிஸ்கட்டோ பாக்கெட் பிரியாம இருந்தா நான் தைரியமா சாப்பிடுவேன். "யூஸ் பை"ங்கிறது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, கறி, மீன், பால் ஐட்டத்துல வரும், அத ஒரு நாள் கூட தாண்டக் கூடாது, மோந்து பாத்து முடிவு பண்ற விஷயம் இல்ல அது. ஸ்டிக்கர் கறி வாங்குனா அன்னிக்கே சமைப்பேன், இல்ல அன்னிக்கே ஃப்ரீசர். எந்த நேரத்துல ஸ்டிக்கர் ஒட்டுறாங்கன்னு கடைக்கு கடை மாறும், அங்க வேல பாக்குறவங்ககிட்ட சிரிச்சு கேட்டா சொல்லிடுவாங்க.

இன்னொரு பரவலான நம்பிக்கை, பார்கோடோட மொதல் மூணு நம்பர பாத்தா பொருள் எந்த நாட்டுல செஞ்சதுன்னு தெரிஞ்சிடும்னு. கெடையாது. அந்த நம்பர் எந்த நாட்டு அமைப்புகிட்ட கோடு பதிஞ்சாங்கன்னு தான் சொல்லும், செஞ்ச எடம் வேற எங்கயாவது இருக்கலாம். யாரு தயாரிச்சதுன்னு பாக்கணும்னா பாக்கெட்ல இருக்க விலாசத்த பாருங்க. ஐரோப்பிய பால், கறி ஐட்டத்துல முட்டை வடிவ முத்திர ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள ஆலையோட நம்பரே இருக்கும். கடை பிராண்டுக்கும் பெரிய பிராண்டுக்கும் ஒரே நம்பர் இருந்தா ரெண்டும் ஒரே ஆலையில இருந்து வருதுன்னு தெரியும். ஃபார்முலாவும் ஒண்ணுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, ஆனா ஆளுக்கு ஆள் சண்ட போடும்போது நல்ல ஆதாரம்.

கொறைன்னு பாத்தா, நெனச்சது எல்லாம் ஒரே கடையில கெடைக்காது, போன வாரம் இருந்தது இந்த வாரம் இருக்காது, எப்பவும் இன்னொரு கடைக்கு ஒரு சின்ன லிஸ்ட் மிச்சமிருக்கும். அதுக்காக தூரமா இருக்க மூணு கடைய சுத்துனா சுண்டக்கா கால் பணம் சுமகூலி முக்கால் பணம் கதை தான், ஆறு மாசம் அதையும் செஞ்சு பாத்தாச்சு. ஒரு கடையில ஷெல்ஃப்ல ஒரு விலை, பில்லுல வேற விலை, நாலு தடவ நடந்துது, கேட்டா திருப்பி குடுத்துடுவாங்க ஆனா நம்ம தான் கேக்கணும். அதுலருந்து கடை வாசல தாண்டுறதுக்கு முன்னாடி பில்ல ஒரு தடவ படிச்சிடுறேன். அப்புறம் நடுவுல சாப்பாட்டுக்கு சம்பந்தமே இல்லாம வாராவாரம் புதுசா வந்து குவியுற சாமான் வரிசை, அந்த பக்கமே போகாதீங்க. ரெண்டே தடவ யூஸ் பண்ண வேஃபிள் மெஷின் எங்க வீட்டு பரண்ல தூங்குது.

இவ்ளோ பேசிட்டு ஒரு தோல்வியையும் சொல்லணும், காபி. கடை பிராண்ட் நாலு மாத்தி மாத்தி வாங்கி பாத்தாச்சு, பழைய டப்பாவுல கொட்டி வச்சு ஏமாத்தியும் பாத்தாச்சு, மொத வாய்லயே கண்டுபிடிச்சு வீட்ல தம்ளர கீழ வச்சுட்டாங்க. அது மட்டும் இன்னும் பழைய பிராண்ட் தான், முழு விலை தான்.