8,500 ரூபாயும் பல ஆண்டு உழைப்பும் போயின: கணினியில் இரண்டு இயங்குதளம் போடக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

தருமபுரியில் கணினி பழுதுபார்க்கும் ஒரு கடைக்கு 8,500 ரூபாய் கொடுத்து, என் தொழிலுக்கு ஆதாரமான கோப்புகளையும் அங்கேயே பறிகொடுத்து நிற்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. ஹார்டு டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து, இரண்டாவது இயங்குதளம் (விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருள்) போட்டுத் தரச் சொல்லி எந்தக் கடைக்குப் போகிறவரும் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். வழிமுறைகளைக் கடைசியில் சொல்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுக்கும் டிடிபி தொழில் என்னுடையது. பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்த பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள்) கோப்புகளும், புதிய விண்டோஸில் இயக்க டிரைவர் மென்பொருள் கிடைக்காத பிரிண்டரும் இருப்பதால் விண்டோஸ் 7-ஐ நான் விட முடியாது. ஆனால் அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன, 2023-இன் தொடக்கத்தில் குரோமும் அதைக் கைவிட்டது. வங்கி வேலையையும் ஜிஎஸ்டி வேலையையும் அதில் செய்வது ஆபத்து. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி என் கணினியில் இல்லை; விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 7-ஐ இருந்தபடியே விட்டு, அதனுடன் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைச் சேர்த்து, கணினியைத் திறக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கும்படி செய்து தரக் கேட்டேன்.

கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாதா என்று அழுத்திக் கேட்டேன். காலியான வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "இது எதுக்குண்ணா? தொடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நம்ம டிஸ்க்ல காப்பி எடுத்துருவோம், அதுக்கும் சேர்த்துத்தான் 3,500. ஒரு ஃபைல்கூடப் போகாது" என்றார். தொழில் தெரிந்தவர் பேசும் நிதானத்தோடு அவர் சொன்ன அந்தச் சொல்லை நம்பித்தான் கணினியை விட்டுவிட்டு வந்தேன்.

உள்ளே நடந்ததை, ஓசூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அந்தக் கடைப் பையனிடம் பேசிப் பேசித்தான் வெளியே கொண்டுவந்தான். எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பகுதி) நான்குக்கு மேல் இருக்க முடியாது. என்னுடையதில் சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, இ என நான்கும் நிரம்பியிருந்தன. விவரம் தெரிந்தவராக இருந்தால் இ-யில் உள்ளதைக் காப்பி எடுத்து, அதை நீக்கி, அங்கே ஒரு எக்ஸ்டெண்டெட் பார்ட்டிஷன் (உள்ளே பல பகுதிகளை வைக்கக்கூடியது) அமைத்து, அதற்குள் உபுண்டுவை வைத்திருப்பார். இவர்களோ விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஐந்தாவதாக ஒன்றை உருவாக்கப் போயிருக்கிறார்கள். அப்போது, டிஸ்க்கை டைனமிக் (விண்டோஸுக்கே உரிய வேறொரு பிரிப்பு முறை) ஆக மாற்றவா என்று ஓர் எச்சரிக்கை வரும். மாற்றினால் இப்போது ஓடும் விண்டோஸைத் தவிர வேறு எந்த இயங்குதளத்தையும் அந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க முடியாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். அதன்பின் உபுண்டுவைப் போட வழியில்லை. டைனமிக் டிஸ்க்கை விண்டோஸின் சொந்தக் கருவியால் பழையபடி பேசிக் (சாதாரண முறை) ஆக்க வேண்டுமானால் அதிலுள்ள எல்லாப் பகுதிகளையும் அழிக்க வேண்டும். எனக்கு ஒரு போன்கூடச் செய்யாமல் அத்தனையையும் அழித்து, விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போட்டு, மேலே உபுண்டுவையும் போட்டு, மெனு அழகாக வருகிறது பாருங்கள் என்று காட்டி 3,500 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் திறந்தால் டி டிரைவ் காலி. காப்பி எங்கே என்று கேட்டதற்கு, எடுத்தோம், அந்த டிஸ்க் வேறு வேலைக்குப் போய்விட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் ஓனர் சேலம் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு ரெகவரி செய்து தருகிறோம், அதற்குத் தனியாக 5,000 ஆகும் என்றார்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை கொடுத்தவர்கள் வாசலில் நிற்கும்போது, அதையும் கொடுக்காமல் என்ன செய்ய முடியும்? திரும்பி வந்தவை எண்களைப் பெயராகக் கொண்ட சில படங்கள். பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றுகூடத் திறக்கவில்லை. அழித்த இடத்தின் மேலேயே இரண்டு இயங்குதளங்களை எழுதிவிட்ட பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பது அந்த 5,000-ஐ வாங்கும்போது அவர்களுக்குத் தெரியாதா? மொத்தம் 8,500 ரூபாய். கடைசியாக நின்று கேட்டபோது, டிஸ்க் பழசு, தானாகவே போயிருக்கும், காப்பி எடுக்கச் சொல்லி நீங்கள் சொல்லவே இல்லையே என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். இப்போது போனையும் எடுப்பதில்லை.

வழிமுறை என்று விரிவாக எழுத இன்று மனம் வரவில்லை. கோப்புகளை உங்கள் கண் முன்னே உங்கள் டிஸ்க்கில் காப்பி எடுக்கச் சொல்லி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே கணினியைக் கொடுங்கள். டிஸ்க் எம்பிஆரா, ஜிபிடி என்ற புதிய முறையா, எத்தனை பார்ட்டிஷன் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள். டைனமிக் என்ற சொல் திரையில் வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கோப்பு அழிந்தது தெரிந்தால் அந்த நொடியே கணினியை அணையுங்கள், மேலே எதையும் எழுத விடாதீர்கள். பில் கேளுங்கள், எனக்குக் கொடுத்தது முத்திரைகூட இல்லாத துண்டுச்சீட்டு. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் பதியப் போகிறேன்.