வீடு விற்கப் புரோக்கர் தேடுகிறீர்களா? ‘நெட் ரேட்’ பேசுபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்னை மேடவாக்கம் பக்கம் 900 சதுர அடி பிளாட். பத்து வருடப் பழசு, கடன் பாக்கி இல்லை, பத்திரத்திலும் சிக்கல் இல்லை. விற்க நினைத்த குடும்பத்திடம் புரோக்கர் சொன்னார்: “கமிஷனே வேண்டாம் சார். உங்க கைக்கு 52 லட்சம் நெட்டா வந்துடும். அதுக்கு மேல எவ்வளவு போனாலும் அது என் சாமர்த்தியம்.” கமிஷன் மிச்சம்தானே என்று அவர்களும் சரி என்றார்கள். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, தன் பெயரிலேயே ஆறு மாதத் தவணையில் விற்பனை ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார்.

வீடு 59 லட்சத்துக்குப் போனது. வாங்குபவர் வங்கிக் கடன் போட்டதால் பத்திரத்தில் 59 லட்சமே ஏறியது, டிடியும் விற்பவர் பெயருக்கே வந்தது. அதில் 7 லட்சத்தை ரொக்கமாக எடுத்துத் தரும்படி புரோக்கர் நின்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, கொடுத்தார்கள்.

முறைப்படி 2 சதவீதம் கமிஷன் கொடுத்திருந்தால் 1,18,000 ரூபாயோடு முடிந்திருக்கும். 5.82 லட்சம் கூடுதலாகப் போய்விட்டது. நஷ்டம் அதோடு நிற்கவில்லை. வருமான வரிக் கணக்கில் விற்பனை விலை 59 லட்சம்தான். புரோக்கர் கொண்டுபோன 7 லட்சத்துக்கும் மூலதன ஆதாய வரி விற்றவர் தலையில்தான் விழும். அந்தப் பணத்தில் வேறு வீடு வாங்கிப் பெறும் மறுமுதலீட்டு விலக்கு இல்லாவிட்டால், 12.5 சதவீத வீதத்தில் செஸ் சேர்த்து 91,000 ரூபாய். கமிஷனை பில் வாங்கிக்கொண்டு வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அதை விற்பனைச் செலவாகக் கழித்திருக்கலாம். ரசீது இல்லாத ரொக்கத்தை எந்தக் கணக்கில் காட்டுவது?

இந்த ஏமாற்றின் உயிர்நாடி ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி: “தங்களுக்கோ தாங்கள் சுட்டிக்காட்டும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்.” உண்மையாக வீடு வாங்குபவருக்கு இந்த வரி பெரும்பாலும் தேவைப்படாது. புரோக்கர் பெயரிலோ அவருடைய மச்சான் பெயரிலோ ஒப்பந்தம் வந்து, அதில் இந்த வரியும் இருந்தால், அவர் உங்களுக்காக வேலை செய்யவில்லை. உங்கள் வீட்டை வைத்துத் தனக்கு வியாபாரம் செய்கிறார். ஆள் கிடைத்தால் லாபம் அவருக்கு. கிடைக்காவிட்டால் ஆறு மாதம் வீடு முடங்கியது உங்களுக்கு.

முடக்கம் என்பது வெறும் பேச்சில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்துவிட்டால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதைப் பார்த்தபின் வேறு யாரும் வாங்க வரமாட்டார்கள், வங்கியும் கடன் தராது. தவணை முடிந்ததும் அது தானாக நீங்காது. இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ரத்து ஆவணம் பதிவாக வேண்டும். அந்தக் கையெழுத்துக்குத்தான் பிறகு லட்சக் கணக்கில் பேரம் நடக்கும். ‘பதியவே இல்லையே, வெறும் பத்திரத்தாள்தானே’ என்றும் அலட்சியம் வேண்டாம். பதியாத ஒப்பந்தத்தையும் கிரயம் கேட்டுப் போடும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லிவிட்டது.

ஒப்பந்தத்தைவிட ஆபத்து பொது அதிகார ஆவணம். “நீங்க வெளியூர்ல இருக்கீங்க, ஒரு பவர் மட்டும் போட்டுக் குடுங்க” என்று ஆரம்பிக்கும். விற்கவும் பணம் வாங்கவும் அதிகாரம் கொடுத்துவிட்டால், எந்த விலைக்கு, யாருக்கு என்பது அவர் கைக்குப் போய்விடும். வெளிநாட்டில் இருந்தே தீர வேண்டுமென்றால் உடன்பிறந்தவருக்கோ பெற்ற பிள்ளைக்கோ கொடுங்கள். அதிலும் கிரயத்தொகை உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

அப்படியானால் யாரிடம் கொடுப்பது? முதல் சந்திப்பிலேயே, “நீங்கள் கொண்டு வரும் ஆளோடு நானே உட்கார்ந்து விலை பேசுவேன், சரியா?” என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையான புரோக்கர் தயங்கமாட்டார். கமிஷன் எழுத்தில் இருக்கிறதா என்பது மட்டும்தான் அவர் கவலை. பார்ட்டியைக் கண்ணில் காட்டாமல், பதிவு அன்றுதான் பார்க்கலாம் என்பவரை அங்கேயே அனுப்பிவிடுங்கள். நடுவில் இரண்டு மூன்று கை புரோக்கர்கள் இருக்கிறார்களா என்பதும் இந்தக் கேள்வியில் வெளிவந்துவிடும்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இருக்கிறது என்று விசிட்டிங் கார்டைக் காட்டுவார்கள். ரெராவில் பதிவான புதிய திட்டங்களை விற்பதற்குத்தான் ஏஜென்ட் பதிவு கட்டாயம். பழைய வீட்டின் மறுவிற்பனைக்கு இல்லை. எண் இருப்பது நல்லதுதான், தமிழ்நாடு ரெரா தளத்தில் சரிபாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

விலையையும் அவர் வாயிலிருந்து கேட்காதீர்கள். முதலில் ஆகாத விலை சொல்லி ஆசை காட்டி வீட்டைப் பிடிப்பார்கள். இரண்டு மாதம் யாரும் வராமல் நீங்கள் சோர்ந்தபின் ‘மார்க்கெட் டல்’ என்று பாதி வழிக்கு இறக்குவார்கள். பதிவுத்துறைத் தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அதே குடியிருப்பில் சமீபத்தில் கைமாறிய பிளாட்டுகளின் ஆவணத் தொகை தெரியும். அதில் வங்கி அடமானப் பதிவும் கூடவே இருக்கும் விற்பனைகளின் தொகை உண்மை விலைக்குப் பக்கத்தில் இருக்கும். கடன் இல்லாமல் வாங்கியவர்கள் குறைத்துக் காட்டியிருக்கலாம்.

கமிஷனுக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். எத்தனை சதவீதம், பத்திரப்பதிவு முடிந்த அன்றுதான் தரப்படும், விற்பனை நின்றுபோனால் கமிஷன் இல்லை, என் சார்பில் அட்வான்ஸ் வாங்க இவருக்கு அதிகாரம் இல்லை. இந்த நான்கும் அதில் இருக்கட்டும். அட்வான்ஸ் தொகை, வீடு வாங்குபவரின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரும். அது விற்பவருக்குத்தான். ‘பாதி வெள்ளை, பாதி கருப்பு’ என்று புரோக்கர் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

அசல் பத்திரமும் தாய்ப்பத்திரமும் வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது. ஜெராக்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ‘விற்பனைப் பரிசீலனைக்கு மட்டும்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஏற்கெனவே புரோக்கர் பெயரில் ஒப்பந்தம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் தவணை முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம். பத்திரத்தை இன்றே வக்கீலிடம் காட்டி, மீதித் தொகையைக் கட்டிக் கிரயம் முடிக்கும்படி தவணைக்குள்ளேயே, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். தவறியது யார் என்பதற்கு அதுதான் பிறகு ஆதாரம். அட்வான்ஸைத் திருப்பித் தருவதானால் டிடியாக எடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ஆவணத்தில் அவர் கையெழுத்தும் கைரேகையும் வைத்தபின் கையில் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.