ஃபைபர் என்று சொல்லி லேன் கேபிளைக் கட்டிவிட்டுப் போனார்

பென்னாகரம் வட்டத்து மலையடிவாரத்தில் உள்ள எங்கள் சிற்றூரில், மொட்டைமாடியின் கிழக்கு மூலையில் நின்றால்தான் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும். ஆகவே, “பாரத்நெட் கேபிள் பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் வந்தாச்சுங்க, அங்கிருந்து உங்க வீட்டுக்கு இழுத்துத் தந்துடறேன்” என்று பக்கத்து ஊர்க் கேபிள்காரர் வந்து நின்றபோது, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மகனை நினைத்து உடனே சம்மதித்துவிட்டேன். ஊராட்சிகளுக்கு ஃபைபர் வழியே இணையம் கொண்டுசெல்ல 2011-இல் தொடங்கிய அந்த அரசுத் திட்டத்தின் இழை ஊராட்சி அலுவலகத்தைத் தொட்டுவிட்டாலே வீடுகளுக்கும் இணைப்பு வந்துவிடாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாதம் 599 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்கு, 18 சதவீத ஜிஎஸ்டியுடன், 4,241 ரூபாயும் இணைப்புக்கு 1,500 ரூபாயும் அவருடைய சொந்த எண்ணுக்கே ஜிபேயில் அனுப்பினேன்.

முற்பகல் பதினொரு மணிக்கு இணைப்புக் கொடுத்து, வேகத்தைச் சோதித்து, 96 எம்பிபிஎஸ் (நொடிக்கு 96 மெகாபிட்) என்று காட்டினார். அன்று மாலை ஏழு மணிக்கு அது 2-ஐக்கூடத் தொடவில்லை. இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் தேவைப்படுவதே அந்த 2 எம்பிபிஎஸ்தான். 2023 வரை 512 கேபிபிஎஸ், அதாவது சுமார் அரை எம்பிபிஎஸ், இருந்தாலே போதுமாக இருந்தது என்பது தனி வேடிக்கை.

தொலைத்தொடர்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் மைத்துனர் பொங்கலுக்கு வந்திருந்தபோது ஜன்னல் வழியே வந்த நீல நிறக் கேபிளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “மாமா, இது கண்ணாடி இழை ஃபைபரே இல்லை, கம்ப்யூட்டர்களை இணைக்கிற லேன் கேபிள். உள்ளே எட்டுச் செம்புக் கம்பிதான் இருக்கு.” கேபிளைப் பிடித்துக்கொண்டே தெருவில் நடந்தோம். மின்கம்பத்தில் கட்டியிருந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஓர் இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும் ஒரு ஸ்விட்ச் பெட்டி, அதிலிருந்து ஏழு வீடுகளுக்கு ஏழு கேபிள்கள். லேன் கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றிருக்க, எங்கள் வீடு அந்தப் பெட்டியிலிருந்து அதைவிடத் தொலைவு. ஆக, கேபிள்காரர் தம் வீட்டுக்கு வாங்கியிருந்த ஒரே இணைப்பைத்தான் ஏழு பேருக்கு விற்றிருக்கிறார்.

அவருக்கு அந்த இணைப்பைக் கொடுத்த இணைய நிறுவனத்தை அழைத்தால், தங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் என் பெயரே இல்லை என்கிறார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பில் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பதோ ஜிஎஸ்டி எண் இல்லாத, ‘கேபிள் சந்தா’ என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. எனவே, பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆதாரைப் பெற்று உங்கள் பெயரிலேயே கணக்கு எண் தருகிறாரா, நிறுவனத்தின் பெயரில் ரசீது வருகிறதா என்று பாருங்கள். வேகத்தை, எல்லா வீடுகளிலும் இணையம் ஓடும் இரவு எட்டு மணிக்குச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சென்ற வாரம் ஏரியூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் அந்தக் கேபிள்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கும் முற்பகல் பதினொரு மணிக்குத்தான் வருகிறாராம்.