சிறுநீர் கழிக்கச் சொன்னவர்களே ‘பை நிரம்பவில்லை’ என்று அறிக்கை எழுதினார்கள்

அடிவயிற்று ஸ்கேனுக்குச் செல்லவிருக்கும் பெண்கள், முன்பதிவு செய்யும்போதே சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, சென்ற வாரம் ஒரு ஸ்கேன் மையத்தில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

‘நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், சிறுநீர் கழிக்காதீர்கள்’ என்று மட்டுமே தொலைபேசியில் சொன்னார்கள். எவ்வளவு என்று கேட்டதற்கு, ‘முட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்’ என்றார் அந்தப் பெண். ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீரைப் பரிசோதனைக்கு 1 மணி நேரம் முன்பே குடித்து முடிக்கச் சொல்வதே பொதுவான வழக்கம் என்று பிறகுதான் அறிந்தேன். நானோ பயத்தில் அதைப்போல் இரு மடங்கு குடித்திருந்தேன்.

குறித்த நேரத்திற்குப் பின்னும் ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். இருமல் வந்தபோது இருமக்கூட அஞ்சி உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை எழுந்து சென்று கேட்டும், ‘அடுத்தது நீங்கள்தான் அம்மா’ என்ற ஒரே பதில்தான்.

ஒருவழியாக உள்ளே படுக்கவைத்து, ஜெல் தடவிக் கருவியை அழுத்தியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பிக் கருப்பையை அழுத்துவதால், கொஞ்சம் கழித்துவிட்டு வரும்படி மருத்துவர் கூறினார். அதில் தவறில்லை, நிரம்பிய பை குடலை ஒதுக்கி ஒலியலைகளுக்கு வழிவிடும் என்றாலும், மிதமிஞ்சி நிரம்பினால் உறுப்புகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆனால் உதவியாளர் ஒரு காகிதக் குவளையை நீட்டி, ‘இதில் இரண்டு குவளை மட்டும் போய்விட்டு நிறுத்திவிடுங்கள்’ என்றார். அவ்வளவு நேரம் அடக்கிவைத்தவளால் குவளைக் கணக்கில் நிறுத்த முடியுமா?

மீண்டும் தண்ணீர் குடித்துக் காத்திருக்கிறேன் என்று கெஞ்சியும், அடுத்தவர் காத்திருப்பதாகச் சொல்லி அவசரமாக முடித்து, ‘சிறுநீர்ப்பை போதிய அளவு நிரம்பாததால் சினைப்பைகள் தெளிவாகத் தெரியவில்லை’ என்று அறிக்கை தந்தார்கள். முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, மறுபடி எடுக்க மறுபடியும் கட்டணம் என்றார்கள்.

ஆகவே அளவையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாமதமானால் யாரிடம் சொல்வது என்றும் கேளுங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் என்றால் பை காலியாக இருக்க வேண்டும் என்பதால், எந்த வகை என்பதையும் உறுதிசெய்யுங்கள். சிறுநீரகம் அல்லது இதய நோய்க்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து வேறொரு மையத்தில், அவர்கள் சொன்ன அளவு மட்டும் குடித்துச் சென்றேன். பத்து நிமிடங்களில் இரு சினைப்பைகளும் தெளிவாகத் தெரிந்தன. அந்த அறிக்கையை இணைத்து முதல் மையத்திடம் எழுத்துப்பூர்வமாகப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். இன்றுவரை பதில் இல்லை.