கண் வறட்சியோடு நான்கு வருடம்: சொட்டு மருந்து, ஒத்தடம், மின்விசிறி

எனக்கு 28 வயது. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. 24 வயதில் தொடங்கிய கண் வறட்சிக்காக இதுவரை என்னென்ன வாங்கினேன், எது உதவியது, எதில் காசு மட்டும் போனது என்று எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இது என் இரண்டு கண்களின் கதை, அவ்வளவுதான்.

வறட்சி என்று பெயர், ஆனால் எனக்கு முதலில் வந்தது தண்ணீர். ஸ்கூட்டரில் போனால் கண்ணீர் கொட்டும். ஏசிக்குக் கீழே உட்கார்ந்தால் கொட்டும். "ஏண்டி அழற, மேனேஜர் ஏதாவது சொன்னாரா?" என்று பக்கத்து இருக்கைத் தோழி கேட்பாள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். திரையில் எழுத்து மங்கும். சிமிட்டினால் ஒரு நொடி தெளியும், மறுபடி மங்கும். கண்ணாடியில் பார்த்தாலோ கண் சாதாரணமாக இருக்கும். அதனால் வீட்டில் யாரும் நம்பவில்லை. "ராத்திரி போனைப் பார்க்காதே" என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

முதலில் பார்த்த டாக்டரின் வரவேற்பறையில் என்னைத் தவிர எல்லாரும் புரை அறுவைக்கு வந்த பாட்டி தாத்தாக்கள். ஒரு பாட்டி "உனக்கு என்னம்மா கண்ணுல, நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். கம்ப்யூட்டரைக் குறைக்கச் சொல்லி, 0.5 சதவீத கார்பாக்ஸிமெதில்செல்லுலோஸ் என்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டரைக் குறைத்தால் சம்பளமும் குறையும் என்பதால், மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சொட்டு மோசமில்லை. விட்டதும் ஜில்லென்று இருக்கும், இருபது நிமிடம் நிம்மதி. அப்புறம் பழையபடி. ஒரு நாளைக்கு நான்கு தடவை விட்டது பத்துத் தடவை ஆனது. அப்போதுதான் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் பதனப் பொருள், அதாவது மருந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது, பற்றிப் படித்தேன். பல கண் மருந்துகளில் இருக்கும் பென்சல்கோனியம் குளோரைடு, அடிக்கடி விடுகிறவர்களுக்குக் கண்ணின் மேற்பரப்பையே அரிக்கக்கூடியது. நாலைந்து தடவைக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் பதனப் பொருள் இல்லாததற்கு மாறுவது நல்லது. நான் 0.4 மில்லி பிளாஸ்டிக் குப்பிகளுக்கு மாறினேன். செலவு கூடியது. திறந்த குப்பியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ள ஆசை வரும், வைக்காதீர்கள். 2023-ல் அமெரிக்காவில், பதனப் பொருள் இல்லாத ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடைய சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றில் சிலர் பார்வையையே இழந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து மிச்சம் இருந்தாலும் குப்பைத் தொட்டிதான்.

இடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். மெடிக்கல் கடையில் "கண் சிவந்திருக்கு" என்று சொல்லி ஒரு சொட்டு வாங்கினேன். பத்து நிமிடத்தில் கண் பால் போல வெளுத்தது. ஒரே வாரத்தில் அது இல்லாமல் வெளியே போக முடியாத நிலை. விடாத நாளில் முன்பைவிடச் சிவப்பு. ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து அது. வறட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்திருந்தால் கதை இன்னும் மோசம், கண் அழுத்தம் ஏறி நரம்பையே பாதிக்கும். சீட்டு இல்லாமல் கண் மருந்து வாங்குவதை அத்தோடு விட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து இரண்டாவது டாக்டர். அவர் முதலில் கீழிமையில் ஒரு காகிதப் பட்டையைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்காரவைத்தார். ஷிர்மர் சோதனை என்று பெயர். 18 மில்லிமீட்டர் நனைந்தது. பத்துக்கு மேல் இருந்தாலே போதும். அப்படியென்றால் எனக்கு வறட்சியே இல்லையா? அப்புறம் மஞ்சள் சாயம் தடவி, சிமிட்டாமல் இருக்கச் சொல்லி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது நொடியில் கண்ணீர்ப் படலம் கிழிந்துவிட்டது. பத்து நொடிக்கு மேல் தாங்க வேண்டுமாம்.

விஷயம் இதுதான். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அடியில் வழவழப்பு, நடுவில் தண்ணீர், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய்தான் தண்ணீரை ஆவியாகாமல் மூடிவைக்கிறது. அதைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். மேலிமையில் 25 முதல் 40, கீழிமையில் 20 முதல் 30. 1666-ல் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயர். எனக்கு எண்ணெய் உறைந்துபோய் வாய் அடைத்திருந்தது. கண் காயக் காய, மூளை அவசரத்துக்குத் தண்ணீரை அனுப்பியிருக்கிறது. மூடி இல்லாததால் அது கன்னத்தில் வழிந்திருக்கிறது. எண்ணெய் இல்லாத கண்ணில் ஒன்றரை வருடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இமையைப் புரட்டி எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் காட்டினார். சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக இருக்க வேண்டிய சுரப்பிகளில் அங்கங்கே பல் உடைந்திருந்தது. "பருவுக்கு மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்றார். 21 வயதில் ஏழு மாதம் ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருக்கிறேன். முகத்தில் எண்ணெய் குறைத்த மாத்திரை இமையிலும் குறைத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் போன சுரப்பி திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்றார். வாய் வறட்சி, மூட்டு வலி உண்டா என்று கேட்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் எடுக்கவைத்தார். இல்லை என்று வந்தது. அன்று பேருந்தில் வந்தது நிஜமாகவே அழுகை.

வைத்தியத்தின் முக்கியப் பகுதி ஒத்தடம். கேட்டதும் சிரிப்பு வந்தது, நான்கு வருடப் படிப்பு படித்து, மருத்துவமனை ஏறி, கடைசியில் பாட்டி வைத்தியமா என்று. ஆனால் கணக்கு இருக்கிறது: உறைந்த எண்ணெய் உருக இமையில் ஏறக்குறைய 40 டிகிரி சூடு, பத்து நிமிடம் நிற்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். பிஜி விடுதியில் இருந்தபோது குளியலறைக்கும் கட்டிலுக்கும் ஐந்து தடவை நடந்து பார்த்துவிட்டு, யூஎஸ்பியில் சூடாகும் கண் மறைப்பான் வாங்கினேன். இந்த நான்கு வருடத்தில் உருப்படியாகச் செலவழித்த பணம் அதுதான். ஒத்தடத்துக்குப் பிறகு சுத்தமான விரலால் மேலிமையை மேலிருந்து கீழாக, கீழிமையைக் கீழிருந்து மேலாக, விளிம்பை நோக்கி மெதுவாக வழித்துவிட வேண்டும். முதல் மூன்று வாரம் எந்த வித்தியாசமும் இல்லை. ஆறாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் மணி ஆறரை ஆனதைக் கவனித்தேன். அதுவரை சொட்டு ஞாபகமே வரவில்லை.

கூடவே, கண்ணின் மேற்பரப்பில் இருக்கும் வீக்கத்தைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு, 0.05 சதவீதம், தினம் இரண்டு வேளை. விட்டதும் மிளகாய்க் கையால் தொட்ட மாதிரி எரியும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லாவிட்டால் பத்தாம் நாளே நிறுத்தியிருப்பேன். நான்காவது மாதத்தில் எரிச்சலும் குறைந்தது, வீக்கமும் குறைந்தது.

மீன் எண்ணெய் மாத்திரை எட்டு மாதம் சாப்பிட்டேன். ஏப்பத்தில் மீன் வாடை தவிர வேறு எதுவும் தெரியவில்லை. 2018-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், தினம் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்துக் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை என்று வந்ததைப் படித்துவிட்டு நிறுத்தினேன். மத்தி குழம்பு தொடர்கிறது, அது வேறு கணக்கு.

அம்மாவின் வைத்தியம் விளக்கெண்ணெய். "ராத்திரி ஒரு சொட்டு விட்டுக்கோ" என்பாள். நான் சண்டை போடுவேன். பிறகு எண்ணெய் கலந்த ஒரு சொட்டு மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தபோது, பெட்டியில் படித்தால் காஸ்டர் ஆயில்! அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கிருமி நீக்கி, பால் மாதிரி கலக்கிய மருந்து வேறு, சமையலறைப் பாட்டில் வேறு என்று விளக்கிப் பார்த்தேன். காதில் விழவில்லை.

காசே செலவாகாத மாற்றங்களும் உண்டு. சென்னையில் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. ஆகவே கட்டிலைத் திருப்பிப் போட்டு, காற்று காலில் படும்படி செய்தேன். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க வலிப்பது பாதிக்குப் பாதி குறைந்தது. மானிட்டரை இறக்கினேன், பார்வை கீழ்நோக்கி இருந்தால் கண் அவ்வளவு அகலமாகத் திறக்காது. திரையைப் பார்க்கும்போது சிமிட்டுவதே பாதிக்கும் கீழே போய்விடுகிறது, சிமிட்டினாலும் இமை முழுதாக மூடுவதில்லை. போனில் நினைவூட்டல் வைத்தேன், ஒரே வாரத்தில் அதை அணைக்கப் பழகிவிட்டேன். இப்போது ஒவ்வொரு டெஸ்ட் ஓடும்போதும் கண்ணை மூடி இரண்டு எண்ணுகிறேன். நான் தூங்குவதாக டீமில் ஒரு வதந்தி உண்டு.

விட முடியாமல் விட்டது கண் மை. இமையின் உள் விளிம்பில் இழுக்கும் மை நேராகச் சுரப்பியின் வாயில்தான் உட்கார்கிறது. பத்தாம் வகுப்பிலிருந்து மை இல்லாமல் படி தாண்டாதவள் நான். மை இல்லாத முதல் நாள் நான்கு பேர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தில் டாக்டர் மதிப்பெண் போடுவார். நூறுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு மோசம். நான் 52-ல் தொடங்கினேன், போன மாதம் 21. குணமாகவில்லை. ஒத்தடத்தை நான்கு நாள் விட்டால் ஐந்தாம் நாள் மணல் வந்துவிடும். போகிப் புகையன்றும், இரவு ஏசி பேருந்திலும் இன்னமும் தோல்விதான்.

அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். ஹோமப் புகை வராத பக்கம் எனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். மை இடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். இமை முடிக்கு வெளியே மட்டும், அந்த ஒரு நாள் மட்டும், ராத்திரி கழுவாமல் படுக்கக் கூடாது என்றார். பென்சில் வாங்கியாகிவிட்டது.