பழைய ஜிப்சிக்கு "கேஸ் ஷாக், 2 இஞ்ச் லிஃப்ட்" என்று சொல்லி விற்பவர்களிடம் கவனம்

மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) உள்ள பழைய மகிந்திரா ஜீப்புகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் 1.3 லிட்டர் ஜிப்சிக்கு ஒரு சஸ்பென்ஷன் கடையில் நான்கு ஷாக் அப்சார்பரும் மாற்றினோம். கடையில் சொன்னது: நைட்ரஜன் கேஸ் ஷாக், புத்தம் புதுசு, வண்டி 2 இஞ்ச் உயரும், ஒரு வருட வாரண்டி. வண்டி உண்மையிலேயே உயர்ந்துதான் வெளியே வந்தது. கல் ரோட்டில் இறங்கியதும் பின்பக்கம் ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்போடு இரும்பு மோதும் சத்தம். கொஞ்ச நாளில் ஒரு பின் ஷாக்கின் கீழ்க்கண்ணில் (போல்ட் நுழையும் வளையம்) வெல்டு விரிசல் விட்டது, இன்னொன்றில் எண்ணெய் வழிந்தது. கடையில் கேட்டால், "கொஞ்சம் ஓட்டுங்க சார், செட் ஆயிடும்." ஷாக்கின் நீளம் தவறென்றால் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் அது செட் ஆகாது.

வேறு ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்ததில் நான்கு ஏமாற்றுகள் வெளியே வந்தன.

முதலாவது, கேஸே இல்லை. இதை எவரும் ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து ராடை (உள்ளே போய்வரும் கம்பி) முழுக்க அமுக்கி விட்டுவிடுங்கள். உள்ளே கேஸ் அழுத்தம் இருந்தால் ராடு தானாக மெல்ல வெளியே வரும். வெறும் எண்ணெய் ஷாக் என்றால் அமுக்கிய இடத்திலேயே நிற்கும். எண்ணெய் ஷாக் மட்டமான பொருள் இல்லை. மெதுவாக ஓடும் தோட்டத்து வண்டிக்கு நல்ல எண்ணெய் ஷாக் போதும். கேஸ் விலை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பதுதான் மோசடி.

இரண்டாவது, அவை புதியவையே அல்ல. பழைய ஷாக்கின் அடியில் துளை போட்டு, கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றி, வெல்டு வைத்து அடைத்து, கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். அடிப்பகுதியைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். கிரைண்டர் கோடோ, பெயின்டுக்குக் கீழே மேடோ தட்டினால் வாங்காதீர்கள். தூசிக் கவரை ஒதுக்கி ராடையும் பாருங்கள்: புது ராடு கண்ணாடிபோல் இருக்கும், எமரித் தாளால் தேய்த்த ராடில் நுண்ணிய கீறலும் துருப்பிடித்த குழியும் தெரியும். அந்தக் குழிதான் எண்ணெய் வழியாமல் தடுக்கும் ரப்பர் சீலைக் கிழிக்கிறது. சீலையும் வால்வையும் மாற்றாமல் எண்ணெய் மட்டும் ஊற்றிய ஷாக் எவ்வளவு காலம் தாங்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. (சந்தேகம் என்பதற்காக ஷாக்கை அறுத்தோ சூடாக்கியோ பார்க்காதீர்கள். உள்ளே கேஸ் இருந்தால் ஆளைக் காயப்படுத்தும்.)

மூன்றாவது, உயரம். ஷாக் வண்டியைத் தூக்காது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது. கேஸ் ஷாக் தரும் தூக்குவிசை கேஸ் அழுத்தத்தை ராடின் பரப்பால் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். 14 மி.மீ. ராடின் பரப்பு சுமார் 1.54 சதுர செ.மீ.; 10 பார் அழுத்தம் என்றால் தள்ளுவிசை ஏறக்குறைய 16 கிலோ. 25 பார் உள்ள மோனோட்யூபிலும் (ஒற்றைக் குழாய் ஷாக்) 40 கிலோவைத் தொடாது. பின்சீட்டிலிருந்து ஒரு பையை இறக்கினால் வண்டி எவ்வளவு எழும்புமோ, அவ்வளவுதான் எழும்பும். எங்கள் வண்டி உயர்ந்ததற்குக் காரணம் வேறு: கம்பெனி ஷேக்கிளை (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) கழற்றிவிட்டு நீளமான பட்டைகளைச் செய்து போட்டிருந்தார்கள். சொல்லவும் இல்லை, பில்லில் எழுதவும் இல்லை. முன்பக்கம் இப்படிச் செய்தால் கேஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) மாறி, வேகத்தில் ஸ்டீயரிங் அலையும். கேட்காமல் யாரும் தொடக்கூடாத இடம் அது.

நான்காவது நீளம். அதிகச் சேதம் செய்தது இதுதான், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "வண்டி உயர்ந்துவிட்டது, அதனால் நீள ஷாக் போடலாம்" என்பது கேட்கச் சரியாகத் தோன்றும். ஆனால் வண்டி உயர்ந்தாலும் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே ஏறுவதை நிறுத்தும் ரப்பர்) பழைய இடத்தில்தான் இருக்கிறது. ஆக்சில் முழுக்க மேலே ஏறும்போது ஷாக்குக்குக் கிடைக்கும் இடம் முன்பு இருந்த அதே இடம். நீள ஷாக்கின் மூடிய நீளமும் (முழுக்க அமுங்கியபோது உள்ள நீளம்) கூடுதல் என்பதால், பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும் முன்பே ஷாக் முட்டிவிடுகிறது. வண்டியின் மொத்த இடியும் பிஸ்டன், அடிவால்வு, கண்ணின் வெல்டு, சேசிஸ் பிராக்கெட் என்று இறங்குகிறது. ஷாக் போனால் ஷாக்கோடு போகும். பிராக்கெட் கிழிந்தால் சேசிஸில் வெல்டிங் வேலை.

அதனால் கடைக்குப் போகும் முன் நீங்களே அளந்துகொள்ளுங்கள். சமதளத்தில், வழக்கமான சுமையோடு வண்டியை நிறுத்துங்கள். மேல் போல்ட்டின் மையத்திலிருந்து கீழ் போல்ட்டின் மையம் வரை அளவெடுங்கள். கண்ணுக்குப் பதில் ராடு முனை மேலே செருகும் வகை என்றால் வாஷர் உட்காரும் தோளிலிருந்து அளக்க வேண்டும். அடுத்து ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சேசிஸை ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது அதே அளவு. பிறகு அந்தப் பக்கத்து ஆக்சிலை மட்டும் ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் நன்றாக அழுந்தும்வரை ஏற்றி மூன்றாவது அளவு. ஸ்பிரிங் பட்டை விறைப்பாக இருந்து சேசிஸே ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்த்தால் நிறுத்திவிட்டு, மீதி இடைவெளியை ஸ்கேலால் அளந்து கழித்துக்கொள்ளுங்கள். ஷாக் சாய்ந்து நிற்பதால் இந்தக் கழித்தல் துல்லியமாக இராது, ஆனால் தவறு பாதுகாப்பான பக்கம்தான் விழும்.

வாங்கும் ஷாக்கின் மூடிய நீளம் மூன்றாவது அளவைவிட 15 முதல் 20 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். விரிந்த நீளம் தொங்கும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, நிற்கும்போது 400, முழுக்க ஏறும்போது 330 என்றால் மூடிய நீளம் 310-315க்குள் வேண்டும். 345 உள்ள ஷாக்கைப் போட்டால் 55 மி.மீ. ஏறியதுமே இடி. விரிந்த நீளம் போதாவிட்டால் சக்கரம் தொங்கும் ஒவ்வொரு முறையும் ஷாக்கே கயிறாகி ஆக்சிலைப் பிடிக்கும். பிஸ்டன் நட்டு கழன்றுவிடலாம். புஷ்ஷின் (கண்ணுக்குள் இருக்கும் ரப்பர்) உள்விட்டம், அதனுள் உள்ள இரும்பு ஸ்லீவின் அகலம் இரண்டையும் பழைய ஷாக்கில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வண்டியில் அகலம் போதாத இடத்தை வாஷர்களால் நிரப்பியிருந்தார்கள்.

முதலில் ஷாக் மாற்றத் தேவையிருந்ததா என்பதும் ஒரு கேள்வி. மூலையை அமுக்கிவிட்டு, "பாருங்க, ஆடுது" என்று காட்டுவது லீஃப் ஸ்பிரிங் வண்டியில் எதையும் நிரூபிக்காது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை அடக்கும். துருப்பிடித்த பட்டையில் செத்த ஷாக்கும் நல்ல ஷாக்போல் தெரியும். கீழ் போல்ட்டைக் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது தடை கூடுதல், அமுக்கும்போது குறைவு, நடுவில் எங்கும் வெற்றாக வழுக்கக் கூடாது. நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அமுக்கிய பிறகும் வழுக்கல் இருந்தால் ஷாக் போய்விட்டது. சீல் ஓரம் லேசான எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் மாற்ற வேண்டாம். "டொக் டொக்" சத்தத்துக்கு ஷேக்கிள் புஷ்ஷும் யூ போல்ட்டும்தான் (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் போல்ட்) பல நேரம் காரணம். அவற்றின் செலவு ஷாக்கை ஒப்பிட்டால் அற்பம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். படுக்கை வசத்தில் கிடந்த ட்வின்ட்யூப் (இரட்டைக் குழாய்) ஷாக்கில் காற்று உள்குழாய்க்குள் போயிருக்கும்; நிமிர்த்தி நாலைந்து முறை அடித்து அதை வெளியேற்றிய பிறகே மாட்ட வேண்டும். கண்ணில் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

எங்களிடம் கடைசிவரை வாரண்டி மறுக்கப்பட்டதற்குக் காரணம், கையில் இருந்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு. ஜிஎஸ்டி எண், 8708 என்று தொடங்கும் எச்எஸ்என் குறியீடு (பொருளின் வகையைக் காட்டும் எண்), ஷாக்கின் பார்ட் நம்பர், "புதியது, கேஸ்" என்ற வார்த்தைகள், வாரண்டி மாதம் எல்லாம் பில்லில் இருந்தால்தான் பணம் கொடுங்கள். பழைய ஷாக் நான்கையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவை பெயின்ட் அடித்து அடுத்தவர் வண்டிக்குப் போகும். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கழற்றிய பொருளைத் தூக்கிப் போடாமல், மூடிய நீளமும் வெல்டு அடையாளமும் தெரியப் படம் எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 2 ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.